துணை தேடுமுன் உட்பகை தீர்க்க!

பெருநாடு ஒன்று தன் அயலுறவுக் கொள்கையில் தவறினால் அதன் பெருமை குறையும். சிறுநாடு தவறினால் அதன் உலையில் அரிசி குறையும். இவ்வுண்மையை 2022-ஆம் ஆண்டில் இலங்கைத் தீவு உலகுக்குக் காட்டியது. எரிநெய்க்கும் எரிவளிக்கும் மருந்துக்கும் பால்மாவுக்கும் அந்நாட்டு மக்கள் இரவு பகலாக வரிசையில் நின்றனர். அவ்வாண்டு ஏப்பிரல் 12-ஆம் நாள், அயல்நாட்டுக் கடனைத் திருப்பித் தர இயலாதென்று கொழும்பு அறிவித்தது. சூலையில் குடியரசுத் தலைவரே நாட்டைவிட்டு ஓடினார். விடுதலை பெற்ற 1948 தொடங்கி அணிகள் பலவற்றில் சேர்ந்தும், உலக மாநாடுகளைக் கூட்டியும், வல்லரசுகள் அனைத்தின் வாயிலிலும் நின்றும் பழகிய ஒரு நாடு, தன் மக்களுக்கு ஒருவேளைப் பால் வழங்க வகையற்று நின்றது.

அதன்பின் அத்தீவு தன் அயலுறவை மீண்டும் எண்ணிப் பார்க்கத் தொடங்கியது. 2023 மார்ச்சில் பன்னாட்டுப் பண நிதியத்தின் கட்டுப்பாடுகளை ஏற்று ஏறத்தாழ 300 கோடித் தாலர் கடனுக்கு உடன்பட்டது. 2024-இல், உருசியா, சீனம், இந்தியா, பிரேசில், தென்னாப்பிரிக்கா ஆகியவை முன்னின்று நடத்தும் பிரிக்சுக் கூட்டமைப்பில் சேர வேண்டுகை விடுத்தது. 2025 ஏப்பிரலில் இந்தியாவோடு பாதுகாப்பு ஒத்துழைப்புக்குக் கையெழுத்திட்டது. மேற்கும் வேண்டும், சீனமும் வேண்டும், தில்லியும் வேண்டும் என்பதே இன்றைய நிலை. எந்த அணியில் சேர்ந்தால் நன்மை மிகுதி என்று அங்குள்ளார் வினவுகின்றனர். அவ்வினாவே பிழையானது என்பது நம் கருத்து. எவரோடு சேர்வது என்பதற்கு முன், எதற்காகச் சேர்வது, எவரிடமிருந்து தன்னைக் காத்துக்கொள்ளச் சேர்வது என்னும் வினாக்களன்றோ எழல்வேண்டும்?

கொழும்பின் அயலுறவைப் பற்றிப் பேசின் பாலத்தருகே வாழும் நமக்கென்ன கவலை என்று சிலர் கேட்கலாம். இப்பகுதியை அறிந்தார் அவ்வாறு கேளார். 1914 செப்தம்பர் 22-ஆம் நாளிரவு செருமானியரின் எம்டன் கப்பல் சென்னைத் துறைமுகத்தருகே இருந்த எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டெரித்தது. செருமானியரோடு நமக்கு எப்பகையும் இருந்ததில்லை. நம்மைக் கேட்டு எவரும் போர் தொடுக்கவும் இல்லை. ஆயினும் குண்டு விழுந்தது நம் கரையில். 1960-களில் பர்மா தன் கொள்கையை மாற்றிக் கடைகளையும் தொழில்களையும் அரசுடைமையாக்கியபோது, அங்கு வாழ்விழந்த தமிழர் வந்து குடியேறிய இடங்களுள் ஒன்று அடுத்திருக்கும் வியாசர்பாடி. பேசின் பாலத்தைக் கடந்து வடக்கே செல்லும் தொடர்வண்டி சேரும் கும்மிடிப்பூண்டியில் ஈழத்து ஏதிலியர் முகாம் உள்ளது. சென்னையிலும் எண்ணூரிலும் காட்டுப்பள்ளியிலும் ஏற்றப்படும் பெட்டகங்களுள் பல, கொழும்பில் கப்பல் மாறியே தொலைநாடு செல்கின்றன. அயலான் வகுக்கும் அயலுறவு நம் தெருவில் வந்து முடியும் என்பதை வடசென்னை போலக் கண்ட ஊர் மற்றொன்று அரிது.

துணைதேடும் முறையைத் திருவள்ளுவர் பொருட்பாலில் பலபட விரித்தார். வலியறிதலில், எடுத்த செயலின் வலிமை, தன் வலிமை, பகைவன் வலிமை, இருபாலார்க்கும் துணையாவாரின் வலிமை என நான்கையும் எடைபோடச் சொன்னார். நட்பாராய்தல் என ஓரதிகாரத்தைத் தனியே வைத்தார். அத்தோடு நில்லாமல் உட்பகை என வேறோர் அதிகாரமும் வகுத்தார். இம்மூன்றையும் ஒருசேரப் பயில்வார்க்கே பொருள் விளங்கும். துணையின் வலிமையை எண்ணுவோன் முதலில் தன் வலிமையை எண்ணல் வேண்டும். தன் வலிமையை எண்ணுவோன் அதிலிருந்து உட்பகையைக் கழித்தே எண்ணல் வேண்டும். இந்தக் கழித்தற் கணக்கைக் கொழும்பு ஒருநாளும் போட்டதில்லை. அதன் அயலுறவு வரலாறு முழுவதும் இவ்வொரு பிழையின் விரிவே.

முதற்படியைக் காண்போம். 1947 நவம்பரில், விடுதலைக்கு முன்னரே, இலங்கை ஆங்கில அரசோடு பாதுகாப்பு உடன்படிக்கை செய்துகொண்டது. திருகோணமலைக் கடற்படைத் தளமும் கட்டுநாயக்கா வானூர்தித் தளமும் ஆங்கிலர் கையில் நின்றன. வடக்கே பெருநாடாகிய இந்தியா இருத்தலின் சிறுநாட்டுக்குக் காவல் வேண்டும் என்பது அன்றைய ஆட்சியாளர் எண்ணம். சிறுநாட்டின் அச்சத்தை நாம் எள்ளவில்லை. ஆனால் விடுதலை பெற்ற அதே 1948-ஆம் ஆண்டில் அவ்வரசு இயற்றிய குடியுரிமைச் சட்டம், மலையகத் தோட்டங்களில் தேயிலை கொய்து அந்நாட்டுக்குப் பொருளீட்டித் தந்த தமிழரை நாடற்றவராக்கிற்று. ஆண்டு முடிந்த ஆங்கிலனின் படைக்குத் தீவில் இடம் இருந்தது. உழைத்து நின்ற தமிழனின் பெயருக்குக் குடிப்பட்டியலில் இடம் இல்லை!

நடுநிலையோடு பேசுவதாயின், அந்நாடு நன்கு எண்ணிச் செய்த செயலும் ஒன்றுண்டு. கொரியப் போரையொட்டி அரிசி விலை ஏறி, இரப்பர் விலை இறங்கியபோது, 1952 திசம்பரில் இலங்கை சீனத்தோடு அரிசி - இரப்பர் உடன்படிக்கை செய்தது. அமெரிக்கா சினந்தது, உதவியை மறுத்தது. உடன்படிக்கை செய்ததோ பொதுவுடைமையை வெறுத்த அரசு. இருந்தும் அது அஞ்சவில்லை. ஏன்? அன்று அவ்வரசு தன் மக்களின் உலையை மட்டுமே பார்த்தது. அவ்வரிசியைத் தமிழனும் உண்டான், சிங்களவனும் உண்டான். நாட்டு மக்கள் அனைவர்க்கும் பொதுவான நலம் ஒன்றை முன்வைத்துப் பேசும்போது சிறுநாடும் நிமிர்ந்து பேசலாம் என்பதற்கு அதுவே சான்று. அவ்வழியை அந்நாடு தொடர்ந்திருக்குமாயின் வரலாறு வேறாயிருக்கும்.

1956-இல் பண்டாரநாயக்கா ஆட்சிக்கு வந்தார். எந்த வல்லரசோடும் சேரோம் என்றார்; 1957-இல் ஆங்கிலரின் தளங்கள் இரண்டும் மீட்கப்பட்டன. உலகம் பாராட்டியது; பாராட்டத்தக்க செயலும் ஆகும். ஆனால் அதே 1956-இல் சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்னும் சட்டத்தையும் அவரே கொண்டுவந்தார். 1957 சூலையில் தந்தை செல்வநாயகத்தோடு உடன்படிக்கை செய்தார். 1958 ஏப்பிரலில் புத்தத் துறவியர் வந்து தம் வீட்டுவாயிலில் அமர்ந்ததும் அதனைக் கைவிட்டார். அடுத்த மாதமே தமிழர் குருதி தெருக்களில் ஓடியது. அயலானோடு இருந்த தளை அறுபட்டது; உடன்பிறந்தானோடு கட்டிய கயிறும் அறுபட்டது. முன்னதை விடுதலை என்கிறோம், பின்னதை என்னென்பது?

பின்னர் வந்த சிறீமாவோ பண்டாரநாயக்கா அணிசேரா நாடுகளிடையே பெரும்பெயர் பெற்றார். 1962 திசம்பரில் இந்தியாவுக்கும் சீனத்துக்கும் இடையே அமைதி காணக் கொழும்பில் மாநாடு கூட்டினார். இரு பெருநாடுகளின் எல்லைச் சிக்கலைத் தீர்க்க முன்வந்த அவ்வரசு, 1964-இல் இந்தியத் தலைமையமைச்சர் சாத்திரியோடு அமர்ந்து மலையகத் தமிழரை எண்ணிக்கையாகப் பங்கிட்டது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேர் பின்னர்ப் பார்த்துக்கொள்ளலாம் என்பது கணக்கு. அவர்களுள் எவரையும் எவரும் கேட்கவில்லை. 1974-இல் எஞ்சியோரும் பாதிபாதியாகப் பிரிக்கப்பட்டனர். அதே 1974-இல் கச்சத்தீவு தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தின் இசைவு பெறப்படாமலே இலங்கைக்கு விடப்பட்டது. 1976 மார்ச்சில் செய்யப்பட்ட உடன்பாடு இருநாட்டு மீனவரும் மற்றவர் கடலில் மீன்பிடிக்கலாகாது என்றது. நல்லுறவு என்று இரு தலைநகரங்களும் அதனைப் போற்றின. அந்நல்லுறவின் விலையைச் செலுத்தியோர் மலையகத்துக் கூலியாளரும் இராமேசுவரத்து மீனவருமே.

1976-ஆம் ஆண்டை அன்பர்கள் நினைவில் இருத்துக. அவ்வாண்டு ஆகத்தில் அணிசேரா நாடுகளின் ஐந்தாம் உச்சி மாநாடு கொழும்பில் நடந்தது. உலகத் தலைவர்கள் வந்திறங்கினர். ஒடுக்கப்பட்ட நாடுகளின் உரிமை பேசப்பட்டது. அதற்கு மூன்று மாதம் முன்னர், மே 14-இல், யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில் தமிழர் தலைவர்கள் கூடித் தனியரசே இனி வழி என்று தீர்மானம் செய்திருந்தனர். உலகை வரவேற்ற அவைக்கு வட்டுக்கோட்டையின் குரல் எட்டவில்லை. புறத்தே அணிசேராதார் எனப் பெயர்பெற்ற அரசு, அகத்தே ஓரினத்தின் அணியில் சேர்ந்து நின்றது.

1977-இல் செயவர்த்தனா வந்தார். கதவுகளைத் திறந்து மேற்குப் பக்கம் சாய்ந்தார். 1983 சூலையில் தமிழர் எரிக்கப்பட்டபின் அவ்வரசு தேடியது மருந்தன்று, படைக்கலம். 1984-இல் இசுரேலுக்கு அமெரிக்கத் தூதரகத்தினுள் அலுவலகம் திறக்க இடந்தந்தது, ஆங்கிலக் கூலிப்படையினர் வந்து அதிரடிப் படைக்குப் பயிற்சி தந்தனர், பாக்கித்தானும் உதவிற்று. இவற்றையெல்லாம் கண்ட தில்லி வாளாவிருக்கவில்லை. 1987 சூலை 29-இல் இந்திய - இலங்கை உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. அன்று இராசீவ் காந்தியும் செயவர்த்தனாவும் மாற்றிக்கொண்ட மடல்களைப் படித்தால் உண்மை விளங்கும். இந்தியாவின் நலனுக்குக் கேடாகத் திருகோணமலை முதலிய துறைகளை எந்நாட்டுப் படைக்கும் தருதல் கூடாது. அயல்நாட்டு வானொலி நிலையங்களை மீளாய்வு செய்தல் வேண்டும். திருகோணமலை எண்ணெய்க் கிடங்குகளை இருநாடும் கூட்டாகச் சீர்செய்தல் வேண்டும். தன் தமிழர்க்கு உரிமை தர மறுத்த அரசு, அதன் பயனாகத் தன் துறைமுகத்தின்மீதான தன்னுரிமையையே பிறர்க்கு எழுதித்தர வேண்டியதாயிற்று. உட்பகையின் விலை இதுவே.

2009-இல் போர் முடிந்தது. அவ்வாண்டு மே இறுதியில் செனீவா மனித உரிமை அவையில் இலங்கைக்கு உகந்த தீர்மானம் 29 நாடுகளின் ஒப்போடு நிறைவேறியது. சீனம், உருசியா, பாக்கித்தான், கியூபா ஆகியவற்றோடு இந்தியாவும் அதில் கையுயர்த்திற்று. அவ்வொப்புகளைக் கொழும்பு வெற்றியெனக் கொண்டாடியது. 2015-இல் ஆட்சி மாறியதும் வேறொரு தீர்மானத்தைத் தானே முன்மொழிந்தாருள் ஒன்றாக நின்று ஏற்றது. 2020-இல் அதனின்றும் விலகியது. உலகின் முன் தந்த சொல்லை ஐந்தாண்டும் காக்க இயலாத நாட்டுக்குக் கடன் தருவோன் வட்டியை உயர்த்தாமல் வேறென் செய்வான்?

அம்பாந்தோட்டைத் துறைமுகம் 2017-இல் ஏறத்தாழ 112 கோடித் தாலருக்குச் சீனக் குழுமத்திடம் 99 ஆண்டுக் குத்தகையாகப் போயிற்று. சீனக் கடனே எல்லாக் கேட்டுக்கும் கரணியம் என்பாரும் உளர். அது முழு உண்மையன்று. பன்னாட்டுச் சந்தையில் கடன்முறி விற்று உயர்ந்த வட்டிக்கு வாங்கியதும், 2019-இல் வரிகளைக் கண்மூடிக் குறைத்ததும், 2021-இல் செயற்கை உரத்தை ஒரேயடியாகத் தடுத்து உழவைக் கெடுத்ததும் சேர்ந்தே அந்நாட்டைச் சாய்த்தன. இவற்றோடு எவரும் உரக்கச் சொல்லாத மற்றொன்றும் உண்டு. 2023 சனவரியில் அவ்வரசே வெளியிட்ட செய்தி அது: இரண்டு நூறாயிரம் அளவிலுள்ள தரைப்படையை 1,35,000-ஆகவும், 2030-க்குள் 1,00,000-ஆகவும் குறைப்போம் என்றது. போர் முடிந்து பதின்மூன்று ஆண்டுகள் கழிந்தும், கடல் சூழ்ந்த சிறுதீவு ஒன்றுக்கு இத்துணைப் பெரும்படை எதற்கு? எந்த அயல்நாடு படையெடுத்து வந்தது? தன் குடிமக்களில் ஒரு பகுதியைக் காவலில் வைத்திருக்க வேண்டும் என எண்ணும் நாடு, அக்காவலுக்கான கூலியை ஆண்டுதோறும் கடன் வாங்கியே கொடுக்க நேரும்.

சிறுநாடெனில் இவ்வாறுதான் இருக்கும் என்று எவரும் ஆறுதல் கூறவேண்டா. 1965-இல் தனித்துவிடப்பட்ட சிங்கப்பூர் இலங்கையினும் மிகச் சிறிது. உழ நிலமில்லை, பருக நீரும் போதாது. அதன் முதல் அயலுறவு அமைச்சர் சி. இராசரத்தினம். அவர் பிறந்த ஊர் எது தெரியுமா? மேலே சொன்ன அதே வட்டுக்கோட்டை! 1967-இல் தென்கிழக்காசிய நாடுகளின் கூட்டமைப்பைத் தொடங்கக் கையெழுத்திட்ட ஐவருள் அவரும் ஒருவர். அந்நாடு சீனர் பெரும்பான்மை நாடாயினும் மலாய், சீனம், தமிழ், ஆங்கிலம் நான்கையும் ஆட்சிமொழியாக்கிற்று. அதன் பணத்தாளில் தமிழும் உண்டு. சிங்கப்பூரில் குறையே இல்லை என்பது நம் கூற்றன்று. ஆனால் தன் வீட்டு மொழிச்சிக்கலுக்கு ஒரு வழிகண்ட பின்னரே அது அவையேறிப் பேசிற்று. பின்லாந்தைப் பாருங்கள். நெடுங்காலம் உருசியாவின் அருகே எவ்வணியிலும் சேராது வாழ்ந்து, 2023-இல் வடஅத்திலாந்திய உடன்படிக்கை அமைப்பில் சேர்ந்தது. கொள்கையைத் தலைகீழாக மாற்றியும் அந்நாடு உடையவில்லை. அங்கே சுவீடிய மொழி பேசுவோர் நூற்றுக்கு ஐவர் அளவினரே. அவர்தம் மொழியும் 1919 தொடங்கி நாட்டு மொழியாக நிற்கிறது. அணியை மாற்றலாம், கொள்கையை மாற்றலாம். நிற்கும் தரை பிளவுபடாதிருத்தல் வேண்டும்.

இனி நம்மவர் சிலரின் எண்ணத்தையும் நோக்குவோம். கொழும்பை ஒரு வல்லரசு நெருக்கினால் தமிழர்க்கு விடிவு வரும் என்று நம்புவார் உளர். செனீவாவில் இந்தியா செய்தவற்றை வரிசைப்படுத்துக. 2009-இல் இலங்கைக்கு உகந்த பக்கம். 2012-இல் அதற்கு எதிர்ப்பக்கம். 2014-இலும் 2021-இலும் எப்பக்கமும் சாராமை. ஈழத்தமிழரின் துயர் அவ்வாண்டுகளில் ஏறியிறங்கவில்லை. தில்லிக்கும் கொழும்புக்கும் இடைப்பட்ட நெருக்கமே ஏறியிறங்கியது. 1987 உடன்படிக்கையின் வழி வந்த மாகாண அவை வடக்கில் முதன்முதலாகத் தேர்ந்தெடுக்கப்பட்டது 2013-இல். 2018-இல் அதன் காலம் முடிந்தபின் தேர்தலின்றியே ஆண்டுகள் பல கழிந்தன. ஆனால் எண்ணெய்க் கிடங்கைப் பற்றிய பேச்சு மட்டும் விடாது நடந்தது. வல்லரசுகளுக்கு நம் துயர் ஒரு நெம்புகோல். பாறை புரண்டதும் கோலை எவரும் தோளில் சுமப்பதில்லை.

ஆகவே தமிழ்நாட்டார் செய்யத்தக்கவை எவை? முதலாவது, சிங்கள மக்களைப் பகைவராக எண்ணாமை. 2022 மே 18-இல் நம் சென்னைத் துறைமுகத்திலிருந்தே 9,000 டன் அரிசியும் 200 டன் பால்மாவும் மருந்தும் ஏற்றிய கப்பல் கொழும்புக்குப் புறப்பட்டது. மொத்தம் 40,000 டன் அரிசி தருவதாகத் தமிழ்நாட்டரசு உறுதி சொல்லி அனுப்பியது. தமிழர்க்கு மட்டும் என்று பிரிக்காமல் தீவின் மக்கள் அனைவர்க்கும் என்றே அது சென்றது. அந்த அரிசி மூட்டை ஓர் அயலுறவுக் கொள்கையே. உண்மையில், பல உடன்படிக்கைகளினும் அது மேலானது.

இரண்டாவது, கசப்பாயினும் சொல்லவேண்டியது: பாக்கு நீரிணையில் நம் இழுவைமடி விசைப்படகுகள் அள்ளிச் செல்வது சிங்களவனின் மீனையன்று, போரில் படகையும் வலையையும் இழந்து மீண்டும் கடலேறிய யாழ்ப்பாணத்து, மன்னாரத்துத் தமிழ் மீனவனின் மீனையே. இழுவைமடியை இலங்கை 2017-இல் சட்டத்தால் தடைசெய்தது. நம் மீனவர் சிறைப்படுவதும் சுடப்படுவதும் பொறுக்கவொண்ணாக் கொடுமை. அதனை எதிர்க்கும் உரிமை நமக்குண்டு. ஆனால் கடலடியைச் சுரண்டும் மடியைக் கைவிட்டு, ஆழ்கடல் தொழிலுக்கு மாறும் பொருளுதவியை அரசிடம் கேட்டுப் பெற்று, இருகரைத் தமிழ் மீனவரும் நேரில் அமர்ந்து பேசினால், கொழும்பும் தில்லியும் இச்சிக்கலைப் பகடையாக உருட்ட இயலாது. நம்முள் உள்ள உட்பகையையும் நாமே கழித்தல் வேண்டும்.

மூன்றாவது, 2021-ஆம் ஆண்டுக் கணக்கின்படி நம் முகாம்களில் வாழ்ந்த ஏறத்தாழ 58,000 ஈழத்தமிழரின் நிலை. அம்முகாம்களில் பிறந்து வளர்ந்து பட்டம் பெற்ற இளைஞர் பலர். 2019-ஆம் ஆண்டுக் குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாக்கித்தான், வங்கதேசம், ஆப்கானித்தான் ஆகிய மூன்று நாட்டினரையே எண்ணியது; ஈழத்தாரை விட்டது. 1948-இல் கொழும்பு மலையகத் தமிழர்க்குச் செய்ததைப் பழிக்கும் நாம், நம் மண்ணில் பிறந்தாரை நாடற்றவராக விட்டுவைத்துக்கொண்டு எம்முகத்தோடு அதனைப் பழிப்பது? திரும்பிச் செல்ல விரும்புவார்க்கு மானத்தோடு செல்ல வழியும், இங்கு வாழ விரும்புவார்க்குக் குடியுரிமையும் வேண்டுமெனக் கேட்பது நம் கடன்.

கொழும்புக்கு நாம் கூறுவதும் ஒன்றே. பிரிக்சில் சேர்க; சேராது விடுக. தில்லியோடு கைகோக்க, சீனத்தோடு வாணிகம் செய்க. அவை உங்கள் உரிமை. ஆனால் வடக்கிலும் கிழக்கிலும் மலையகத்திலும் வாழும் தமிழன் இது என் நாடு என்று அச்சமின்றிச் சொல்லும் நாள் வரும்வரை, நீங்கள் எழுதும் ஒவ்வோர் உடன்படிக்கையிலும் ஒரு வரி கண்ணுக்குத் தெரியாத மையால் எழுதப்பட்டிருக்கும். அதன் விலையை உங்கள் பிள்ளைகளும் கட்டுவர். தமிழனுக்கு மொழியுரிமையும் நிலவுரிமையும் ஆட்சியுரிமையும் தந்து அவனைத் துணைக்கொள்ளுங்கள். கடல்கடந்து தேடும் துணையினும், கூப்பிட்ட குரலுக்குக் கேட்கும் தொலைவில் நிற்கும் துணையே பெரிது. அத்துணைக்கு வட்டியும் இல்லை, குத்தகையும் இல்லை.